உண்ணும் மையால் தின்பண்டங்களில் படம் அச்சிடுதல்

முத்துக்கும் உப்புக்கும் பேர்பெற்ற தூத்துக்குடித் துறைமுகப்பட்டினம் மக்ரூன் என்னும் தின்பண்டத்துக்கும் பேர்பெற்றதாகும். கோழிமுட்டையின் வெண்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு ஆகிய மூன்றே சாமான்களை நுரைபொங்க அடித்துக் கூம்பு வடிவாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் வாட்டி எடுப்பது இதன் செய்முறை. மேனாட்டார் இதனை வாதுமைப்பருப்பைக் கொண்டு செய்வர். பதினாறாம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து முந்திரியை இந்தியாவுக்குக் கொணர்ந்தவர் போர்ச்சுகீசியர். முத்துக்குளித்துறையில் வந்து தங்கி வாணிபம் செய்தவரும் அவரே. வாதுமை இருந்த இடத்தில் முந்திரியைச் சேர்த்து, அதனைத் தமக்கே உரிய பண்டமாக ஆக்கிக்கொண்டமை இவ்வூர் ரொட்டிக் கிடங்குகளின் கைத்திறனுக்குச் சான்று.

1961-ஆம் ஆண்டுக்குப்பின் இக்கரையில் பெரிய முத்துச் சலாபம் நடைபெறவில்லை. மீன்பிடி விசைப்படகுகளுக்கோ, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் உண்டு. ஆகவே கரையோரக் குடும்பங்களின் பெண்மக்கள் வீட்டிலிருந்தபடியே செய்யத்தக்க உபதொழில்களை நாடுவது இயல்பே. அவற்றுள் கேக் சுட்டு விற்பது ஒன்று. கிறிஸ்துமஸ், ஞானஸ்நானம், புதுநன்மை, திருமணம், பிறந்தநாள் ஆகிய விசேஷங்களுக்குக் கேக் கேட்போர், அதன்மேல் குழந்தையின் படத்தையோ மணமக்களின் படத்தையோ அச்சிட்டுத் தருமாறும் கேட்கின்றனர். இதற்கென உண்ணத்தக்க மையைக் கொண்டு அச்சிடும் பொறிகள் விற்பனைக்கு வந்துள்ளன. இத்தொழிலில் லாபமும் உண்டு. அறியாமற் புகுந்தார்க்கு நஷ்டமும் உண்டு. அன்றியும், இது குழந்தைகள் வாயில் இடும் பண்டமாகையால், பணத்தினும் பெரிய பொறுப்பு ஒன்று இதில் அடங்கியுள்ளது.

பழைய அச்சும் புதிய அச்சும்

தின்பண்டத்தில் உருவம் பதிப்பது நம் நாட்டார்க்குப் புதியதன்று. அச்சுமுறுக்கின் பூவடிவம் இரும்பு அச்சினால் வருவது. கோயில்களில் நற்கருணைக்கு வழங்கும் மெல்லிய அப்பத்திலும் சிலுவை முதலிய குறிகள் அச்சினாலேயே பதிகின்றன. ஐரோப்பிய நாடுகளில் கடைக்கு வரும் கோழிமுட்டையின் ஓட்டில், அது எந்நாட்டில் எப்பண்ணையில் எம்முறையில் வளர்த்த கோழியினது என்பதைக் காட்டும் குறியீட்டை உணவுக்கேற்ற மையால் பொறிப்பது 2004 முதல் நடைமுறையில் உள்ளது.

கேக்கின்மேல் ஒளிப்படத்தையே அச்சிடும் முறை 1990-களில் அமெரிக்க ரொட்டிக் கடைகளில் பரவியது. அந்நாட்டுச் சிக்காகோ நகரில் மோட்டோ என்னும் உணவுச்சாலையை நடத்திய ஹோமாரோ காண்டு என்பார், எழுத்துவேலைக்கென விற்கப்பட்ட ஒரு சாதாரண மைத்தெளிப்புப் பொறியை மாற்றியமைத்து, சோயா மாவும் உருளைக்கிழங்கு மாவும் கலந்த தாளில் அன்றைய உணவுப் பட்டியலை அச்சிட்டு, விருந்தினர் படித்தபின் அதனையே உண்ணுமாறு செய்து உலகின் கவனத்தை ஈர்த்தார். அவரது சோதனைக்கு அடிப்படையாயிருந்த தத்துவமே இன்று வீட்டுத் தொழிலாளர் வாங்கும் பொறிகளிலும் உள்ளது.

பொறி வேலைசெய்யும் விதம்

இப்பொறி அலுவலகங்களில் உள்ள மைத்தெளிப்பு அச்சுப்பொறியைப் போன்றதே. அதன் முனையில் தலைமயிரினும் நுண்ணிய துளைகள் பல உள்ளன. அவற்றின் வழியாக நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளும் துளித்துளியாகத் தெளிக்கப்படுகின்றன. இந்நான்கின் கலப்பினால் எல்லா நிறங்களும் தோன்றும். வெள்ளைக்கு மட்டும் மை கிடையாது. தாளின் வெண்மையே படத்தின் வெண்மையாகும். ஆதலின் பழுப்புநிறச் சாக்லேட்டின்மேல் நேராக அச்சிட்டால் படம் தெரியாது. முதலில் வெள்ளைத் தாளில் அச்சிட்டுப் பின்னரே அதன்மேல் ஒட்டவேண்டும்.

சாதாரண மைக்கும் உண்ணும் மைக்கும் உள்ள வேற்றுமையே இங்கு முக்கியம். உண்ணும் மை என்பது தண்ணீர், கிளிசரின் போன்ற ஈரங்காக்கும் பொருள், உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட நிறம் ஆகியவற்றின் கலவை. எழுத்துவேலைக்கான மை உணவுக்கென ஆக்கப்பட்டதன்று. பழைய அலுவலகப் பொறியைக் கழுவி அதில் உண்ணும் மையை ஊற்றிக்கொள்ளலாம் எனச் சிலர் எண்ணுவர். இது பெருந்தவறு. எவ்வளவு கழுவினும் முனையிலும் குழாயிலும் பஞ்சிலும் பழைய மை தங்கியே நிற்கும். ஆகவே ஒருமுறையும் வேறு மை ஏற்றப்படாத புதுப்பொறியையே வாங்கி, அதன்மேல் "உணவுக்கு மட்டும்" என எழுதி ஒட்டி, வீட்டுப் பிள்ளைகள் பாடசாலை வேலைக்கு எடுக்காதவாறு தனியே வைத்தல் வேண்டும்.

தாள்களின் வகை

தாள் இருவகைப்படும். முதலாவது மாவுத்தாள். உருளைக்கிழங்கு முதலியவற்றின் மாச்சத்தைத் தண்ணீருடன் கரைத்து மெல்லியதாக வார்த்து உலர்த்துவது இது. விலை குறைவு, நெடுநாள் கெடாது. ஆனால் ஈரம் பட்டால் சுருளும். படத்தின் தெளிவும் சற்றுக் குறையும். இரண்டாவது சர்க்கரைத்தாள். சர்க்கரை, மாச்சத்து, பிசின், கிளிசரின் ஆகியன சேர்ந்த இத்தாள் பின்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் ஏட்டின்மேல் ஒட்டியிருக்கும். படம் மிகத் தெளிவாக விழும். கேக்கின்மேல் இட்டபின் கிரீமுடன் இரண்டறக் கலந்து ஒன்றாகிவிடும். விலை அதிகம்.

ஏ-4 அளவுத் தாளில் ஓரங்கள் போக, 7 அங்குல வட்டப் படம் ஒன்று நன்கு அடங்கும். 2 அங்குல வட்டங்களானால் 15 எடுக்கலாம். ஒரு பெரிய படத்தைவிடப் பதினைந்து சிறு படங்களைப் பிஸ்கோத்துகளின்மேல் இட்டு விற்பதே பல சமயங்களில் ஆதாயமானது. ஒரு வட்டம் பழுதானால் ஒன்றோடு போம். பெரிய படம் பழுதானால் முழுத்தாளும் போம்.

கடற்காற்றும் ஈரமும்

இத்தொழிலுக்குத் தூத்துக்குடியில் உள்ள தனிப்பட்ட இடையூறு ஈரக்காற்று. உப்பளக்காரர் இதனை நன்கறிவர். வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உப்பு வாரும் வேலை நின்றுவிடுகிறது. அந்த மழைக்காலத்தை ஒட்டியே கிறிஸ்துமஸ் கேக் வியாபாரம் உச்சத்துக்கு வருகிறது. எனவே தாள் மிகுதியாக வேண்டிய காலமே தாள் எளிதிற் கெடும் காலமாகவும் இருக்கிறது.

சர்க்கரைத்தாள் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கினால் பிசுபிசுத்து ஏட்டைவிட்டு உரியாது. பொறிக்குள் சிக்கிக்கொள்ளவும் கூடும். வெயிலிலும் மின்விசிறியடியிலும் நெடுநேரம் கிடந்தால் மாறாக உலர்ந்து வெடித்துவிடும். ஆகவே தாளைக் காற்றுப் புகாத உறையில், ஈரம் வாங்கும் சிலிக்கா மணிப் பொட்டலத்துடன் இட்டு, வெளிச்சம் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். அச்சிடவேண்டிய தருணத்தில் ஒரே ஒரு தாளை மட்டும் வெளியே எடுத்து உடனே உறையை மூடிவிடுக. அச்சிட்ட படம் சில நிமிஷம் ஆறி, மை தாளில் ஊறியபின்னரே கையாளத்தக்கது. தாள் உரியாவிடில் நகத்தால் பிய்க்காமல், மிதமான சூட்டில் சில விநாடி காட்டிப் பின்னர் மேசையின் விளிம்பில் ஏட்டை மெல்ல வளைத்து உரித்தால் கிழியாமல் வரும்.

ஒட்டும் முறை

வெண்ணெய்க் கிரீம் பூசிய கேக்கில், கிரீமின் மேற்புறம் இளகியிருக்கும்போதே சர்க்கரைத்தாளை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவியவாறு இடவேண்டும். மேற்புறம் உலர்ந்துவிட்டிருப்பின் மெல்லிய நீர்த்திவலை தெளித்துக்கொள்ளலாம். சர்க்கரைப் பாகுமாவால் மூடிய கேக்கானால், தூரிகையால் மிகச் சிறிதளவு தண்ணீர் தடவினாற் போதும். மாவுத்தாளுக்குத் தண்ணீர் ஆகாது. நெய்ப்பசையுள்ள கிரீமின்மேல் இடுதலே தகும்.

பச்சைப்பால் ஏட்டினின்று அடித்த கிரீமில் நீர் கசியும். நிறம் கரைந்து படத்திலுள்ள முகம் அடையாளம் தெரியாமற் போகும். அவ்வகைக் கேக்குக்கு விருந்து தொடங்குமுன் கடைசி நேரத்தில்தான் படம் வைக்கலாம். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த கேக்கின்மேல் வியர்வைபோல் நீர் பூப்பதும் இத்தீங்கையே செய்யும்.

மக்ரூனைப் பொறுத்தவரை, அதன்மேல் படம் ஒட்டும் முயற்சி வேண்டியதில்லை. அது கூம்பாக இருப்பதால் தட்டைப்படம் படியாது. ஒட்டுவதற்கென ஈரம் தடவினாலோ, அதன் உயிர்நிலையாகிய மொரமொரப்பு அழியும். மக்ரூன் பெட்டியுள் அச்சிட்ட பிஸ்கோத்து ஒன்றைத் தனி உறையிலிட்டு வைத்தால் அழகும் கெடாது, பண்டமும் கெடாது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. தம் குழந்தையின் முகத்தின்மேலும் புனிதர் திருவுருவத்தின்மேலும் கத்தி வைப்பதைப் பெரியோர் விரும்புவதில்லை. ஆதலின் படத்தைக் கேக்கின்மேல் நேராக ஒட்டாமல், உலர்ந்த சர்க்கரைப் பலகை ஒன்றில் ஒட்டி மேலே வைத்துக் கொடுத்தால், வெட்டுமுன் அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். இச்சிறு யுக்தியால் மனத்தாங்கல் நீங்கும். சினிமாப் படங்களையும் சித்திரக்கதைப் பாத்திரங்களையும் உரிமையாளர் அனுமதியின்றி அச்சிட்டு விற்பது வழக்குக்கு இடமாகும் என்பதையும் மறவாதிருக்க.

நிறங்களைப் பற்றிய எச்சரிக்கை

2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசாங்கம் பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடைசெய்தது பலர்க்கும் நினைவிருக்கும். மாதிரிகளைச் சோதித்ததில், துணிக்குச் சாயம் ஏற்றும் ரோடமின்-பி என்னும் இளஞ்சிவப்புப் பொருள் காணப்பட்டதே காரணம். விலை மலிவும் நிறத்தின் பளபளப்பும் கருதி அதனைச் சேர்த்தவர்கள் குழந்தைகளுக்கு நஞ்சையே விற்றவராயினர். உண்ணும் மை என்னும் பேரால் சந்தையில் வரும் குப்பிகளையும் அதே கண்கொண்டு பார்த்தல் வேண்டும்.

இந்திய உணவுச் சட்ட விதிகள் நெடுங்காலமாக அனுமதித்துள்ள செயற்கை நிறங்கள் எட்டு. அவற்றின் பெயரும் ஐ.என்.எஸ். எண்ணும் வருமாறு:

மஞ்சள்: டார்ட்ரசின் 102, சன்செட் மஞ்சள் 110.
சிவப்பு: கார்மோசின் 122, பான்சோ 4-ஆர் 124, எரித்ரோசின் 127.
நீலம்: இண்டிகோ கார்மின் 132, பிரில்லியண்ட் நீலம் 133.
பச்சை: ஃபாஸ்ட் பச்சை 143.

குப்பியின்மேல் உற்பத்தியாளர் பெயர், உரிம எண், அடங்கிய பொருள்கள், நிறங்களின் எண், செய்த தேதி, காலாவதித் தேதி ஆகியன இல்லையேல் அதனை வாங்கலாகாது. பட்டியலிற் காணாத எண் தென்படின் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரைக் கேட்டுத் தெளிந்தபின்னரே உபயோகிக்கவேண்டும்.

அனுமதித்த நிறத்துக்கும் எல்லை உண்டு. கேக், மிட்டாய் வகைகளில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. அதாவது கலப்பற்ற நிறப்பொடி ஒரு கிராம் 10 கிலோ பண்டத்துக்கே போதிய எல்லையாகும். அரைக்கிலோக் கேக்குக்கு 50 மில்லிகிராம்தான். படத்தில் செல்லும் மை சொற்பமே. ஆனால் அதன் கீழே கருஞ்சிவப்பும் கருநீலமுமாகக் கிரீமைப் பூசும்போதுதான் எல்லை மீறுகிறது. படம் உள்ள கேக்குக்கு வெள்ளைக் கிரீமே பூசுவது அழகுக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது.

மேற்கூறிய எட்டனுள் 102, 110, 122, 124 ஆகிய நான்கு நிறங்களும் சேர்ந்த உணவுப் பொட்டலங்களில், குழந்தைகளின் சுறுசுறுப்பையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்னும் எச்சரிக்கையை அச்சிடவேண்டுமென ஐரோப்பிய நாடுகள் 2010 முதல் விதித்துள்ளன. எரித்ரோசினை உணவில் சேர்ப்பதற்கான அனுமதியை அமெரிக்க அரசாங்கம் 2025 ஜனவரியில் ரத்துசெய்தது. நம் நாட்டில் இவை அனுமதிக்கப்பட்டவையே எனினும், தேவைக்குமேல் ஒரு துளியும் சேர்க்காதிருப்பதே விவேகம்.

விளைபொருள்களிலிருந்து நிறம்

வயலிலும் தோட்டத்திலும் விளையும் நிறங்கள் பல. மஞ்சளும் குங்குமப்பூவும் மஞ்சள் நிறம் தரும். பீட்ரூட் கிழங்கு சிவப்பும், கீரை பச்சையும் தரும். வேலிகளில் படரும் சங்குப்பூவின் நீலச்சாற்றை அமெரிக்க உணவு அதிகாரிகள் 2021-இல் உணவு நிறமாக ஏற்றனர். அதில் எலுமிச்சஞ்சாறு பட்டால் ஊதாவாக மாறும். மஞ்சள், சோடா உப்புச் சேர்ந்தால் சிவந்துவிடும், வெளிச்சத்தில் வெளிறும். பீட்ரூட் நிறம் சூட்டில் மங்கும். இக்குணங்களை அறிந்தே உபயோகிக்கவேண்டும்.

வீட்டில் பிழிந்த சாற்றைப் பொறியில் ஊற்றுவது கூடாது. எவ்வளவு வடிகட்டினும் அதில் நிற்கும் நுண்துகள் பொறியின் துளைகளை அடைத்துவிடும். ஆனால் பொறி வாங்க முதலில்லாதார்க்கு இச்சாறுகளே துணை. சுத்தமான தடித்த பிளாஸ்டிக் ஏட்டில் பூ, மீன், படகு, விண்மீன் முதலிய உருவங்களை வெட்டி, அதனை உலர்ந்த சர்க்கரை மேற்பூச்சின்மேல் வைத்து, கெட்டியாகக் காய்ச்சிய சாற்றைத் தூரிகையால் ஒற்றியெடுத்தால் தெளிவான படம் விழும். பஞ்சமின்றிக் கிடைக்கும் சங்குப்பூவால் நீலப்படகும் மஞ்சளால் பொன்விண்மீனும் தீட்டிய பிஸ்கோத்து, பொறியில் அச்சிட்டதற்கு விலைபோவதில் தாழ்ந்ததன்று.

மாவுத்தாளுக்கு வேண்டிய மாச்சத்து நம் மாநிலத்தில் ஏராளம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சேலம் பகுதியில் தொடங்கிய மரவள்ளி ஜவ்வரிசித் தொழில் இன்று பெருந்தொழிலாயிருக்கிறது. முட்டையும் நெய்யும் கிராமப்பொருளே. சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிச் செம்மணலில் முந்திரி வளர்கிறது. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயும், 2023-இல் பெற்ற உடன்குடிப் பனங்கருப்பட்டியும் இம்மாவட்டத்தினவே. அழகு வாங்குவோரை ஒருமுறை அழைத்துவரும். மறுமுறை அழைத்துவருவது பண்டத்தின் தரமே.

வரவுசெலவும் கூட்டுமுயற்சியும்

ஒரு குடும்பத்தார் ஆனி மாதத்தில் கடன் வாங்கிப் பொறி வாங்கினர் என்று வைத்துக்கொள்வோம். ஆடியில் பனிமய மாதா திருவிழாவை ஒட்டிச் சில கேக் விற்றன. அதன்பின் நான்குமாதம் பொறியைத் துணியால் மூடி வைத்தனர். கார்த்திகை இறுதியில் கிறிஸ்துமஸுக்கென எடுத்துப் பார்க்கையில், மை முனையிலேயே உறைந்து துளைகள் அடைபட்டிருக்கும். புதுமுனையின் விலை சிலசமயம் பொறியின் விலையை நெருங்கும். சம்பாதிக்கவேண்டிய மாதத்தில் கடனின்மேல் கடன் ஏறும்.

இது வராமற் காக்க, வேலை இருப்பினும் இல்லாவிடினும் வாரத்துக்கு இருமுறையேனும் நான்கு நிறமும் ஓடும்படி சாதாரண வெள்ளைத்தாளில் ஒரு சோதனைப்பக்கம் எடுத்தல் வேண்டும். அந்தத் தாளைக் குப்பையில் இட்டுவிடுக. குப்பியைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதிவைத்து, காலாவதியான மையைக் கொட்டிவிடவேண்டும். நெடுநாள் வேலையிராதெனில், மையை எடுத்துவிட்டு உற்பத்தியாளர் கூறும் கழுவுநீரை ஓட்டி வைக்கவேண்டும்.

விலை கணக்கிடுகையில் தாளும் மையும் மட்டும் செலவு என எண்ணலாகாது. 12 தாளில் 2 பழுதானால், விற்ற 10 படத்தின் விலையில் 12 தாளின் செலவையும் ஏற்றவேண்டும். சோதனைப்பக்கத்தின் மை, மின்சாரம், முனையின் தேய்மானம், கடன் வட்டி, வேலை செய்தவரின் கூலி ஆகிய யாவும் கணக்கில் வரவேண்டும். மாதம் சில படங்களே தேவைப்படுவோர், பொறி உள்ளவரிடம் கூலிக்கு அச்சிட்டு வாங்கிக்கொள்வதே லாபகரமானது.

அதனினும் சிறந்தது கூட்டுமுயற்சி. ஒரு மகளிர் சுய உதவிக் குழுவினர் சேர்ந்து ஒரே பொறி வாங்கினால், அது நாள்தோறும் ஓடும். ஓடும் பொறி அடைபடாது. கடனும் பங்கிட்ட கடனாகும். சிறு உணவுத் தொழில்களுக்கென மத்திய அரசாங்கம் 2020-இல் தொடங்கிய திட்டம், முதலீட்டில் 35 விழுக்காடு, 10 லட்சம் ரூபாய் வரை மானியம் அளிக்க வகைசெய்தது. தற்போது எவ்வுதவி கிடைக்கும் என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்தறிந்தபின்னரே கடன் வாங்குக. வீட்டில் செய்வதாயினும் உணவு விற்போர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுதல் சட்டப்படி அவசியம்.

முத்துக்குளித்த காலத்தில், கரைக்கு வந்த சிப்பியைத் திறந்து பார்த்தாலன்றி உள்ளே முத்து உண்டா என்பது தெரியாது. கேக்கின் கதையோ மாறானது. மேலே உள்ள படம் எல்லார்க்கும் தெரிகிறது. உள்ளே சேர்ந்தது செய்தவருக்கு மட்டுமே தெரியும். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவோர்க்கே இத்தொழில் நிலைத்த வருவாயைத் தரும்.